புள்ளியை நீங்களே வையுங்கள்

கல்யாண மண்டபங்களில் கேமரா பிடிக்கத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பல ஆண்டுகள் மேடை ஓரம் நின்று படமெடுத்தவன் நான். இப்போது பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுக்கிறேன். உங்கள் வயதுக்காரர்கள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் என் கையைக் கடந்து போகின்றன. ஒளியைப் புரிந்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத இடங்களில் போய் நிற்கிறீர்கள். அதையெல்லாம் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். ஆனால் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. பெண்ணின் மாலையில் வெளிப்பக்கத்து ரோஜா ஒவ்வொரு இதழாகத் தெரிகிறது, முகம் மங்கிக் கிடக்கிறது. ஓமகுண்டத்துக்கு மேலே நீளும் நெய்க்கரண்டி துல்லியமாக இருக்கிறது, மாப்பிள்ளையின் கண்கள் இல்லை. வீடியோக்காரரின் விளக்குக் கம்பம் ஷார்ப், அதற்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் அப்பா அவுட்.

இவற்றில் கை ஆடவில்லை. லென்ஸும் பழுதில்லை. கேமரா ஏதோ ஒன்றைக் கச்சிதமாகப் பிடித்திருக்கிறது. எதைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அதுவே ஒன்றைத் தேர்ந்துகொண்டது. ஃபோகஸ் புள்ளியைத் தேர்வதை அதனிடம் விட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

படச்சுருள் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிகான் எஃப்எம்2 போன்ற கேமராவில் வியூஃபைண்டரின் நடுவில் ஒரு வட்டம் இருக்கும். அதில் முகம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டு பாதியையும் சேர்த்தால் ஃபோகஸ். யாருடைய முகத்தைச் சேர்ப்பது என்பதைக் கை முடிவு செய்தது. 1985-இல் மினோல்டா 7000 வந்தபோது ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள்ளேயே புகுந்தது. அதிலும் நடுவில் ஒரே ஒரு புள்ளிதான். நடுப்புள்ளியை முகத்தில் வைத்து, பட்டனை அரைவாசி அழுத்திப் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கம் அந்த ஒற்றைப் புள்ளிக் காலத்தின் மிச்சம். 1992-இல் கேனான் இஓஎஸ் 5, பார்ப்பவரின் கருவிழி எங்கே நோக்குகிறது என்று கண்டு, ஐந்து புள்ளிகளில் அதற்கு நேரான ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. 2018-இல் வந்த சோனி ஏ7 III-இல் 693 புள்ளிகள். அதே ஆண்டு வந்த கேனான் இஓஎஸ் ஆர், 5655 இடங்களில் புள்ளியை வைக்கவிட்டது. எண்ணிக்கை ஏற ஏற, தேர்வைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் ஏறிவிட்டது. 693 புள்ளிகளில் எது பெண்ணின் கண் மேல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எது முக்கியம் என்பதும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டுத் தானியங்கித் தேர்வில் வைத்தால், டிஎஸ்எல்ஆர் பொதுவாக மிக அருகில் இருக்கும் பொருளைப் பிடிக்கும். அந்த விதி சுற்றுலாப் படத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே முன்னால் நிற்பவர்தான் கதாநாயகர். மண்டபத்தில் மிக அருகில் இருப்பது யார்? தோள் இடித்து முன்னேறிய ஒருவர், அவர் கையிலிருக்கும் செல்போன், மைக், குத்துவிளக்கு, தாம்பாளத்தின் விளிம்பு. முக்கியமானவர்கள் பல நேரம் பின்னால்தான் இருக்கிறார்கள். கணவனை இழந்த தாய், மகளின் தாலி ஏறும் நேரத்தில் மேடைக்கு வராமல் தூண் ஓரம் ஒதுங்கி நிற்பதை இன்றும் பல கல்யாணங்களில் பார்க்கிறோம். அந்த வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் அதை மாற்ற அந்த ஒன்றரை நிமிடத்தில் நம்மால் முடியாது. முடிவது ஒன்று உண்டு. ஒற்றைப் புள்ளியை எடுத்து, முன்னால் இருக்கும் முப்பது தலைகளையும் தாண்டி அந்த அம்மாவின் முகத்தில் வைக்கலாம். எந்தத் தானியங்கி முறையும் இதைத் தானாகச் செய்யாது.

சரி, புள்ளியை வைத்துவிட்டோம். அது எதைப் பார்க்கிறது? இது தெரியாமல் புள்ளியைத் தேர்வதில் பாதிப் பயன்தான்.

கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடித் திறந்து மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னாலிருக்கும் சுவரில் விரல் இடம் மாறித் தெரியும். ஃபேஸ் டிடெக்‌ஷன் (phase; முகத்தைக் கண்டறியும் face அல்ல) என்ற முறையின் அடிப்படை இதுதான். லென்ஸின் ஒரு பக்கம் வழியாக வரும் ஒளியையும் மறுபக்கம் வழியாக வரும் ஒளியையும் தனித்தனியே பிடித்து, இரண்டு உருவமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்கிறது. விலகலின் அளவு லென்ஸ் எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சொல்லும். விலகலின் பக்கம் முன்னா பின்னா என்பதைச் சொல்லும். அதனால்தான் ஒரே தாவலில் ஃபோகஸ் வந்து நிற்கிறது. ஆனால் விலகலை அளக்க ஓர் ஓரம் வேண்டும்: கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோடு. வெறும் வெள்ளை வேட்டியில் புள்ளியை வைத்தால் அளக்க ஒன்றுமில்லை. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து கடைசியில் தோற்கும். கன்னத்தில் வைத்தாலும் மங்கலான வெளிச்சத்தில் இதே கதைதான்.

இன்னொன்று. அந்தக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் முக்கியம். ஒற்றைக் கோட்டுப் புள்ளி தனக்குக் குறுக்கே ஓடும் ஓரங்களை மட்டுமே நன்றாக அளக்கும். கிராஸ் டைப் புள்ளி இரண்டு திசைகளையும் அளக்கும். வாடகைக்கும் பழைய விலைக்கும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும் கேனான் 5டி மார்க் II-இல் தெரியும் ஒன்பது புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டும் கிராஸ். பலருக்கு முதல் கேமராவான கேனான் 1500டி-யிலும் அப்படியே. நிகான் டி3500-இல் 11-இல் ஒன்று, டி750-இல் 51-இல் நடுவிலுள்ள 15. ‘ஓரப் புள்ளி வேலை செய்யவில்லை’ என்று சொல்லும் தம்பிகள் முதலில் தங்கள் கேமராவின் கையேட்டில் புள்ளிகளைக் காட்டும் படத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் புள்ளி கிராஸ், எது இல்லை என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இதில் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களின் சென்சாரில் உள்ள ஃபோகஸ் பிக்சல்கள், கேமராவைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது செங்குத்து ஓரங்களைத்தான் நன்றாக அளக்கின்றன. நம் ஊர் மேடையில் இது நேரடியாக வந்து மோதும். மாப்பிள்ளையின் நெற்றியில் விபூதிப் பட்டை குறுக்காக மூன்று கோடு. கேமரா கிடைமட்டத்தில் இருந்தால் சின்னப் புள்ளிக்கு அதில் பிடிமானம் குறைவு. அதே புள்ளியை நாமத்தில் வைத்தால் உடனே பிடிக்கும், ஏனென்றால் நாமம் செங்குத்து. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் நிலைமை தலைகீழ்: விபூதி பிடிக்கும், நாமம் அலையும். பட்டுப் புடவையின் கரையிலும் இதே கணக்குதான். ஃபோகஸ் அலையும்போது கேமராவைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பல நேரம் அந்த ஒரு சாய்ப்பே போதும்.

பெண்ணின் முகத்துக்கு எனக்குப் பிடித்த இடம் பொட்டு. வட்டமானது, ஆகவே எந்தத் திசையிலும் அதற்கு ஓரம் உண்டு. மாநிறத்திலும் கறுப்பிலும் நல்ல வேறுபாடு காட்டும். முகம் நேராக இருக்கும்போது கண்களின் தளத்திலிருந்து சிறிது மட்டுமே முன்னால் இருக்கிறது. கண்ணைப் பிடிக்க முடியாத மங்கலில் பொட்டைப் பிடியுங்கள். நெற்றிச்சுட்டியையும் மூக்குத்திக் கல்லையும் தவிர்க்கச் சொல்வேன். வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பரப்புகளில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். மல்லிகைச் சரமும் அப்படித்தான், காரணம் வேறு. புள்ளியின் கட்டத்துக்குள் அருகிலுள்ள பூவும் தொலைவிலுள்ள காதும் சேர்ந்து விழுந்தால் எதைப் பிடிப்பது என்று கேமராவுக்குத் தெரியாது. வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட உண்மையில் அளக்கும் பரப்பு பெரும்பாலும் சற்றுப் பெரியது என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டத்துக்கு வெளியே ஒரு நூல் தள்ளியிருக்கும் பூச்சரமும் உள்ளே வந்து கெடுக்கும்.

இனி அந்த நடுப்புள்ளிப் பழக்கம். பூட்டிவிட்டுத் திருப்புவது தவறென்று நான் சொல்லவில்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கணக்குத் தெரிந்து செய்யுங்கள். ஃபுல் ஃபிரேம் பாடியில் 50 மிமீ லென்ஸை எஃப்/1.4-இல் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பெண்ணின் கண்ணை நடுப்புள்ளியில் பூட்டுகிறீர்கள். அங்கே மொத்தத் துல்லிய ஆழமே சுமார் 3 செமீ. பிறகு கேமராவைச் செங்குத்தில் கீழே சாய்த்து, கண்ணைச் சட்டகத்தின் மேற்பகுதிக்கு, நடுவுக்கும் மேல் விளிம்புக்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். கேமரா சுமார் 13 பாகை திரும்பியிருக்கும். ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பி, கண்ணுக்கு ஏறத்தாழ 2.7 செமீ பின்னால் போய் நிற்கும். மூன்று செமீ ஆழத்தில் பாதிதான் தளத்துக்கு முன்னால் கிடைக்கும் என்பதால் கண் அதிலிருந்து வெளியேறிவிட்டது. நெற்றிப்பொட்டுக் குழியும் காதோர முடியும் துல்லியம், கண் இல்லை. இதே படத்தை எஃப்/4-இல் இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தால் இந்தப் பிசகு உங்கள் கண்ணுக்கே தெரியாது. ஆகவே விதி எளிது: அருகில், பெரிய துவாரத்தில், கண்ணை ஓரத்துக்குத் தள்ளும் சட்டகம் என்றால் புள்ளியை நகர்த்துங்கள். தள்ளி நின்றால், அல்லது துவாரத்தைச் சுருக்கியிருந்தால், பூட்டித் திருப்பலாம். ஓரப் புள்ளி பலவீனமான பழைய பாடியில், வெளிச்சமும் குறைவு என்றால், நடுப்புள்ளிதான் ஒரே வழி. அப்போது துவாரத்தை ஒரு ஸ்டாப் சுருக்கிக்கொண்டு திருப்புங்கள். கேனான் 6டி-யின் 11 புள்ளிகளில் நடுவில் உள்ளது மைனஸ் 3 ஈவி வரை இருட்டிலும் பிடிக்கும். மற்ற பத்தும் அதோடு போட்டி போட முடியாது. அந்தப் பாடியில் விளக்கு வெளிச்சத்தில் நடுப்புள்ளியை நம்பியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

மாங்கல்ய தாரணத்துக்கு வருகிறேன். கெட்டிமேளம் கேட்டபின் புள்ளியைத் தேடக்கூடாது. அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் பெண் தலை குனிந்திருப்பாள். கண்கள் தாழ்ந்திருக்கும். மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால் போகும். குறுக்கே நாத்தனாரின் கை, அண்ணியின் தோள், யாராவது பிடிக்கும் விளக்கு. அதற்கு மேல் நாலாப் பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். கண்டினியூவஸ் முறையில் பின்தொடர்ந்துகொண்டிருக்கும் கேமரா, குறுக்கே வந்த கையை ‘ஆள் நகர்ந்துவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டு முன்னால் தாவிவிடும். கை விலகியபின் திரும்பி வருவதற்குள் முதல் முடிச்சு முடிந்திருக்கும். இதைத் தடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது, ஏனோ பலர் தொடுவதே இல்லை. கேனானில் டிராக்கிங் சென்சிடிவிட்டியை மைனஸ் பக்கம் தள்ளுங்கள். சோனியில் ஏஎஃப் டிராக் சென்ஸை 1-க்குக் கொண்டுவாருங்கள். நிகானில் லாக்-ஆன் அமைப்பை 5-க்கு ஏற்றுங்கள். சோனிக்கும் நிகானுக்கும் எண் தலைகீழாக ஓடுவதைக் கவனியுங்கள். இப்படி வைத்தால் குறுக்கே வரும் கைக்கும் அரிசிக்கும் கேமரா சற்றுப் பொறுத்திருக்கும்.

எதன் மேல் புள்ளி? தாலிக் கயிற்றின் மேலா, முகத்தின் மேலா என்று கேட்பீர்கள். முகம் என்பது என் தீர்ப்பு. கயிறு எல்லாக் கல்யாணத்திலும் மஞ்சள்தான். அந்த முகம் இந்தக் கல்யாணத்தில் மட்டும்தான். ஆனால் கைகளை இழக்க வேண்டியதில்லை. 70-200 லென்ஸை 100 மிமீ-இல் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால், ஃபுல் ஃபிரேமில் எஃப்/2.8-க்குத் துல்லிய ஆழம் சுமார் 15 செமீ, எஃப்/4-க்கு 21 செமீ. முகத்துக்கும் பிடரியில் முடிச்சுப் போடும் விரல்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். எஃப்/4-இல் புள்ளியைக் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் இமையில் வைத்தால் முகம் உறுதி. விரல்களும் ஏறக்குறைய துல்லியமாகவே வரும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஐஎஸ்ஓ-வை ஏற்றத் தயங்காதீர்கள். இரைச்சலை மென்பொருளில் குறைத்துக்கொள்கிறோம். போன ஃபோகஸை எந்த மென்பொருளும் எனக்கு நம்பும்படி திருப்பித் தந்ததில்லை.

கண்ணைக் கண்டுபிடிக்கும் ஐ ஏஎஃப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று உங்களில் பலர் கேட்பது எனக்குத் தெரியும். அது அருமையான கருவி. வரவேற்பு மேடையில், நேராகப் பார்த்துச் சிரிக்கும் இருவரை எடுக்க அதைவிட நம்பகமான ஒன்று இல்லை. ஆனால் அது கண்ணை இழந்த நொடியில் என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முகத்தைத் தேடும். முகமும் மறைந்தால், நீங்கள் வைத்திருக்கும் ஏரியாவுக்குத் திரும்பிவரும். அந்த ஏரியா முழுச் சட்டகமாக இருந்தால் நேராக மாலைக்குப் போய்விடும். சின்ன ஏரியாவாக, பெண்ணின் முகத்தின் மேல் இருந்தால், கண் தாழ்ந்தாலும் முகத்தை விட்டுப் போகாது. தலை குனிந்து, கண் மூடி, பக்கவாட்டில் திரும்பி நிற்பதுதான் நம் சடங்குகளின் பெரும்பகுதி. ஆகவே ஐ ஏஎஃப் போட்டிருந்தாலும் ஏரியாவைச் சின்னதாக வையுங்கள். தாலி கட்டும்போது இருவரையும் சூழ்ந்து பத்து முகங்கள் எட்டிப் பார்க்கும். யாருடைய கண் என்பதைக் கேமராவால் ஊகிக்க மட்டுமே முடியும். முதலில் சின்னக் கட்டத்தைப் பெண்ணின் முகத்தில் வைத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து பின்தொடரும் வேலையை அதனிடம் விடுங்கள்.

குழுப் படத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 35 மிமீ, எஃப்/4, நான்கு மீட்டர் என்றால் ஏறத்தாழ மூன்று மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். முன்வரிசையில் ஒரு முகத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்து, சிங்கிள் முறையில் எடுத்துவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிடுங்கள்.

புள்ளியை நகர்த்தும் கை வேகம் தனிப் பயிற்சி. ஜாய்ஸ்டிக் உள்ள பாடி என்றால் கட்டைவிரல் அதை விட்டு விலகக்கூடாது. இல்லாதவர்கள் நான்கு திசைப் பட்டன்களுக்கு நேரடியாகப் புள்ளி நகர்வை ஒதுக்குங்கள். பல மாடல்களில் இது மெனுவில் இருக்கிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது புள்ளி தானாக மேலே, முகம் வரும் இடத்துக்குப் போய்விடும்படி கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் தனித்தனிப் புள்ளியை நினைவில் வைக்கும் வசதி பல பாடிகளில் உண்டு. அதை இயக்கிவிட்டால் நீங்கள் நகர்த்த வேண்டிய தூரம் பாதியாகக் குறையும். ஏரியா வகைகள் ஏழெட்டு இருந்தால் மெனுவில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள்: ஒற்றைப் புள்ளி, சுற்றிலும் கொஞ்சம் விரிந்த புள்ளி, பின்தொடரும் புள்ளி. மேடையில் இந்த மூன்றுக்கு மேல் யாருக்கும் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வாடகை பாடி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய ஆள் வைத்த அமைப்போடுதான் அது உங்கள் கைக்கு வரும். புள்ளி மூலையில் நிற்கலாம்; ஃபோகஸ் ஷட்டர் பட்டனிலிருந்து நீக்கப்பட்டுப் பின்பட்டனுக்கு மாற்றப்பட்டிருக்கலாம்; டிராக்கிங் எண் யாரோ கிரிக்கெட் எடுப்பதற்காக வைத்ததாக இருக்கலாம். வாங்கிய இரவே கஸ்டம் அமைப்புகளை அழித்து, உங்களுடையதை ஏற்றிவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால், நீங்கள் அதோடு போடப்போகும் லென்ஸில் முன்ஃபோகஸ் பின்ஃபோகஸ் இருக்கிறதா என்று ஒரு செய்தித்தாளைச் சாய்த்து வைத்து எஃப்/2.8-இல் பாருங்கள். லைவ் வியூவில் சரியாக வந்து வியூஃபைண்டரில் பிசகினால், புள்ளியை எவ்வளவு கவனமாக வைத்தும் பயனில்லை; ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருந்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் லென்ஸை மாற்றிக் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: ஃபிளாஷிலிருந்து வரும் சிவப்புக் கோட்டு உதவி விளக்கு டிஎஸ்எல்ஆரில் சிங்கிள் முறையில்தான் எரியும். இருட்டு மூலையில் கண்டினியூவஸில் வைத்துக்கொண்டு ‘விளக்கு வரவில்லையே’ என்று ஃபிளாஷைத் தட்டாதீர்கள்.

ஆடி மாதம் மண்டபங்கள் ஓய்ந்திருக்கும். கேமராவைப் பையில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் இரண்டு பேரை முன்னும் பின்னுமாக உட்கார வையுங்கள். மின்விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, முன்னால் இருப்பவர் கையைக் குறுக்கே வீசச் சொல்லி, பின்னால் இருப்பவரின் கண்ணை மட்டும் பிடியுங்கள். பிறகு வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் முன்னால் இருப்பவருக்கு மாறுங்கள், மறுபடி பின்னால். எடுத்ததையெல்லாம் கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கி, புள்ளி எங்கே இருந்தது என்று காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். கேமரா நிறுவனங்களின் சொந்த மென்பொருள்கள் பலவற்றில் அது உண்டு. புள்ளி சரியான இடத்தில் இருந்தும் படம் மங்கலா, புள்ளியே வேறு இடத்திலா என்பது அப்போது பிரிந்து தெரியும். முதலாவது என்றால் வெளிச்சம், ஓரம், லென்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டாவது என்றால் கட்டைவிரலுக்கு இன்னும் பயிற்சி வேண்டும். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முன்னால், எந்தப் பிசகு உங்களுக்கு அதிகம் வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். பதில் போடுகிறேன்.

அன்புடன்,
படம் பொறுக்கும் உங்கள் அண்ணன்